வாயை மட்டும் அசைத்தது போதும்!
சேர்ந்து பாடுவது பற்றி வாசகர் கேள்விகள்

கே: பள்ளியில் சுதந்திர தினப் பாட்டுக்கு வரிசையில் நிற்க வைத்துவிட்டு, "நீ சத்தம் போடாதே, வாயை மட்டும் அசை" என்றார் டீச்சர். இப்போது வயது 57. எங்கள் ஏரியாவில் ஞாயிறு மாலை கூடிப் பாடுகிறார்கள், குரல் தேர்வு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். எனக்கோ சுருதியே நிற்காது. போகலாமா?
— இல்லத்தரசி, தாம்பரம்

ப: போங்க, இந்த ஞாயிறே போங்க. டிவி பாட்டுப் போட்டி பார்க்கும்போது, நடுவர் சொல்வதற்கு முன்னாலேயே "ஐயோ, விலகிட்டாளே" என்று உங்கள் முகம் சுளிக்கிறதா? அப்படியென்றால் காதில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வித்தியாசமே தெரியாதவர்கள் மிகச் சிலர்தான். மற்ற பேருக்கு நடப்பது வேறு: சொல்லிக்கொடுப்பவர் தன் தொண்டைக்குத் தோதான சுருதியில் ஆரம்பிப்பார், அது உங்களுக்கு ஏறாது அல்லது இறங்காது, எட்டாத இடத்தில் குரல் வழுக்கும், உடனே 'இவளுக்குப் பாட வராது' என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

முதல் சில வாரம் நிதானமாகப் பாடுகிற இரண்டு பேருக்கு நடுவில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழாவிட்டால் நீங்கள் சத்தமாகப் பாடுகிறீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் குறையுங்கள். எட்டாத ஸ்வரம் வந்தால் கத்த வேண்டாம், அதை விட்டுவிட்டு அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொள்ளலாம், ஒருவருக்கும் தெரியாது. மூச்சும் அப்படித்தான்: பக்கத்து ஆள் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்கள் வாங்காதீர்கள், ஒரு வார்த்தை தள்ளி வாங்குங்கள். எல்லோரும் இப்படி மாற்றி மாற்றி வாங்கினால், கேட்பவருக்குப் பாட்டு எங்குமே அறுந்த மாதிரி இருக்காது.

போகும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள். புதிதாக வருபவரை முதல் நாளே எழுப்பி "ஒரு பாட்டு பாடுங்க" என்பார்களா? ஆமாம் என்றால் வேறு குழு பாருங்கள்.

கே: எங்கள் அப்பார்ட்மென்டில் ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் பாட ஆரம்பித்தோம். பெண்களுக்குச் சரியாக வைத்தால் ஆண்கள் தொண்டை கிழிகிறது, ஆண்களுக்கு வைத்தால் பெண்கள் முனகுகிறார்கள். தினமும் சண்டை. யாருக்குச் சுருதி வைப்பது?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

ப: யாருக்கும் இல்லை, பாட்டுக்கு வையுங்கள். கச்சேரி மேடைப் பழக்கத்தில் நாம் ஆண் என்றால் ஒரு கட்டை, பெண் என்றால் ஐந்து அல்லது ஐந்தரை என்று மனதில் எழுதி வைத்திருக்கிறோம் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நம்ம அளவு; கீபோர்டில் C ஒரு கட்டை, D இரண்டு, அப்படியே B ஏழு). தனியாகப் பாடுபவருக்கு அது சரி. இருபது பேர் சேர்ந்து பாடும்போது அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

பயிற்சி இல்லாத பெண்களில் பெரும்பாலோர், கீபோர்டின் நடு C-க்கு, அதாவது ஒரு கட்டைக்கு, கொஞ்சம் கீழே இருக்கும் ஆறு கட்டையில் ஆரம்பித்து மேல் ஒரு கட்டை வரை சிரமம் இல்லாமல் பாடுவார்கள். ஆண்கள் அதே இடங்களை ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) கீழே பாடுவார்கள். ஆகப் பாட்டை எடுத்ததும் அதன் மிகக் கீழ் ஸ்வரம் எது, மிக மேல் ஸ்வரம் எது என்று பாருங்கள். கீழ்ப் பஞ்சமத்தில் (ப) இறங்கி நடு ஸ்தாயிப் பஞ்சமம் வரை போகும் பாட்டா? இரண்டு கட்டையில் வையுங்கள், இரண்டு தரப்புக்கும் பொருந்தும். ஸ-வில் ஆரம்பித்து மேல் ஸ-வில் முடிகிறதா? ஆறரையோ ஏழோ வைத்துப் பாருங்கள். ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும் சினிமாப் பாட்டு என்றால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிடுங்கள், அது ஒரே ஒரு தொண்டைக்காகப் போட்ட மெட்டு. ஆளுக்கு ஒரு சுருதிப் பெட்டி ஆப்பைப் போனில் திறந்துகொண்டு உட்காராமல், ஒரே ஒரு பெட்டி நடுவில் ஒலிக்கட்டும்.

சண்டை ஓய்ந்த பிறகு ஒரு விஷயம் செய்து பாருங்கள். மோகன ராகத்தில் நான்கு வரி எளிமையான மெட்டு ஒன்று எடுத்து, இரண்டு அணியாகப் பிரிந்து, முதல் அணி இரண்டாவது வரிக்குப் போனதும் அடுத்த அணி முதல் வரியைத் தொடங்கட்டும். மோகனத்தில் ஒட்டி ஒட்டி நிற்கிற அரைஸ்வரங்கள் கிடையாது, அதனால் எந்த வரி எந்த வரி மேல் விழுந்தாலும் அநேகமாகக் காதை உறுத்தாது. தோடி ராகத்தை வைத்து இந்த விளையாட்டு வேண்டாம், இருபது பேர் இருபது விதமாகக் கமகம் போடுவார்கள், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பார்கள். தோடியைப் பாட வேண்டியவர்கள் பாடட்டும்.

கே: நாகர்கோவிலில் சிறு வயதிலிருந்து சர்ச் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவள். வேலைக்காகச் சென்னை வந்துவிட்டேன். இங்கே தமிழ்ப் பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடும் குழு உண்டா? எனக்கு டோ ரே மி என்று பாடும் சோல்ஃபா மட்டும்தான் தெரியும், ராகம் தாளம் ஒன்றும் தெரியாது.
— ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: உங்களை மாதிரி ஒரு ஆல்டோ கிடைத்தால் எந்தக் குழுவும் விடாது. எல்லோரும் மெட்டையே பாட ஆசைப்படுகிற ஊரில், மெட்டுக்குக் கீழே இன்னொரு வரியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு.

சென்னைக்கு இது புதிதில்லை. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து இருக்கிறது, அங்கே மேற்கத்திய சேர்ந்திசை. தமிழில் என்றால் எம்.பி.சீனிவாசன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சினிமா இசையமைப்பாளர், சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். அவர் ஆரம்பித்த மெட்ராஸ் யூத் கொயர் பாரதி பாடல்களைப் பல குரலாகப் பிரித்துப் பாடியது. பெரும்பாலும் மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. அவர் 1988-ல் காலமானார். அவரிடம் பாடியவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் நகரத்தில் அங்கங்கே இருக்கிறார்கள், விசாரித்தால் வழி கிடைக்கும்.

ராகம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். சோல்ஃபாவே, நொட்டேஷன் படிக்கத் தெரியாத சாதாரண ஜனங்கள் பாடுவதற்காக 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறைதான். அதில் டோ எங்கே வேண்டுமானாலும் நகரும், நம்ம ஸ மாதிரியே. நீங்கள் பாடும் டோ ரே மி, இங்கே சங்கராபரண ராகத்தின் ஆரோகணம், அதாவது ஏறு வரிசை. பாதி வேலை முடிந்தது.

கே: குழுவில் ஒருவர் முறையாகச் சங்கீதம் கற்றவர். நன்றாகப் பாடுவார். ஆனால் அவர் குரல் மட்டும்தான் கேட்கிறது, நடுவில் பிருகா வேறு, ஸ்வரங்களை வேகமாக உருட்டுகிறார். எப்படிச் சொல்வது?
— அமைப்பாளர், மதுரை

ப: பாடத் தெரியாதவரால் குழு கெட்டு நான் பார்த்ததில்லை, இவரைப் போன்றவர்களால் பார்த்திருக்கிறேன். நாலு பேர் நடுவில் சொல்லாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "அண்ணா, நீங்க பாடினா மத்தவங்க பாடுறத நிறுத்திட்டு ரசிக்கிறாங்க, அதான் பிரச்சினை." இது உண்மையும்கூட. முன்வரிசையிலிருந்து எடுத்து, தடுமாறுபவர்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள், அவர் குரலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்பார்கள். மாதம் ஒரு தனிப்பாட்டு அவருக்குக் கொடுத்துவிடுங்கள், பிருகா எல்லாம் அதில் போகட்டும். அப்படியும் கேட்காவிட்டால் போகட்டும் விடுங்கள், சபாக்கள் இருக்கின்றன.

கே: புதிதாக வருபவர்கள் இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். பாட்டு பிடிக்கவில்லையா?
— அமைப்பாளர், திருச்சி

ப: டீ எப்போது கொடுக்கிறீர்கள்? முடிந்த பிறகு என்றால் அதுதான் காரணமாக இருக்கும். பழைய ஆட்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள், புதியவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டீயையும் பஜ்ஜியையும் நடுவில் வையுங்கள், பாதி ஒத்திகை பாக்கி இருப்பதால் யாரும் ஓட முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். (எண்ணெய்ப் பலகாரம் தொண்டைக்கு ஆகாது என்று யாராவது ஆரம்பித்தால் சுண்டல் போடுங்கள்.) ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 'ஏன் வரல?' என்று எல்லோர் முன்னாலும் கேட்கவே கேட்காதீர்கள்.

கே: பொங்கலுக்குக் குடியிருப்பில் பாடப் போகிறோம். சினிமாப் பாட்டு பாடினால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?
— மாணவர், ஆவடி

ப: டிக்கெட் போடாமல், காசு வாங்காமல், அமெச்சூர் குழுவாக நீங்கள் பாடினால் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் அதற்கு விலக்கு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வந்துவிட்டால் கதை வேறு, முறையாக உரிமம் வாங்க வேண்டும். வீடியோ எடுத்து யூடியூபில் போடுவதும் இந்த விலக்கில் வராது. பாரதி பாட்டு என்றால் வரிகளுக்குத் தடையில்லை, அவை நாட்டுடைமை ஆகிப் பல காலம் ஆகிறது. ஆனால் மெட்டு யாருடையது என்று பாருங்கள், சினிமாவுக்காகப் போட்ட மெட்டு என்றால் அதற்குத் தனி உரிமை உண்டு. பேசாமல் நீங்களே ஒரு மெட்டு போடுங்களேன், ஆவடியில் கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருத்தனாவது கிடைக்காமலா போய்விடுவான்?