கேள்வி–பதில்: அச்சேறும் முன் ஒரு செய்தி

கேள்வி: 'தி இந்து' நாளிதழின் என். ராம் என்றதும் எல்லோரும் போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரத்தைச் சொல்கிறார்கள். செய்தியைத் தோண்டியவர் ஜெனீவாவில் இருந்த சித்ரா சுப்ரமணியம். ஆசிரியர் குழுவில் இருந்தவருக்கு இதில் என்ன பங்கு? (வாசகர், திருநெல்வேலி)

ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகளை சுமார் 1,437 கோடி ரூபாய்க்கு வாங்க இந்தியா கையெழுத்திட்டது 1986 மார்ச் 24-ல். லஞ்சம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி சொன்னது 1987 ஏப்ரல் 16-ல். அதன் பிறகு எழுதாத பத்திரிகை இல்லை. 'தி இந்து' தனித்து நின்றது ஆவணங்களை வெளியிட்டதால்தான். அப்போது ராம் அதன் இணை ஆசிரியர். ஆவணத்தை வாங்குவது நிருபரின் திறமை. அதைச் சரிபார்த்து, மற்ற தாள்களோடு பொருத்தி, வழக்கு வந்தாலும் நிற்கும்படி அச்சேற்றுவது ஆசிரியர் குழுவின் வேலை.

ஓர் உதாரணம். ஏ.ஈ. சர்வீசஸ் என்ற நிறுவனத்தோடு போஃபர்ஸ் 1985 நவம்பர் 15-ல் ஓர் ஒப்பந்தம் போட்டது. 1986 மார்ச் 31-க்குள் இந்திய ஆர்டர் கிடைத்தால்தான் கமிஷன் என்பது நிபந்தனை. கெடு முடிய ஏழு நாள் இருக்கும்போது ஆர்டர் கிடைத்தது. தனியாகப் பார்த்தால் இது வெறும் வணிகக் காகிதம். பீரங்கி ஒப்பந்தத்தின் தேதியை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் செய்தி தெரிகிறது.

ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2004-ல் தள்ளுபடி செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் குற்றச்சாட்டை எழுதியவர்களுக்குத் தீர்ப்பையும் எழுதும் கடமை இருக்கிறது.

கேள்வி: இதழியல் மாணவி நான். ரகசியக் கோப்பின் நகல் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, மதுரை)

முதலில், கொடுத்தவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேளுங்கள். போஃபர்ஸ் ஆவணங்களைத் தந்தது தாமே என்று ஸ்வீடன் விசாரணைக்குத் தலைமை வகித்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் 2012-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதே பேட்டியில், ஸ்வீடன் நாளிதழ் ஒன்றில் அமிதாப் பச்சனின் பெயர் வந்தது இந்திய விசாரணையாளர்கள் திட்டமிட்டுக் கசியவிட்டதால்தான் என்றும் சொன்னார். ஒரே விவகாரத்தில் மெய்யான தாளும் வந்தது, பொய்யான பெயரும் வந்தது.

அடுத்து, தாளைப் பாருங்கள். கோப்பு எண், தேதி, கையெழுத்திட்டவரின் பதவி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் அவர் அந்தப் பதவியில் இருந்தாரா என்று அரசு உத்தரவுகளில் தேடுங்கள். போலிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டும். ஆவணத்தில் பெயர் வருகிறவருக்குக் குறிப்பான கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு போன் செய்துவிட்டு 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதுவது நேர்மையல்ல.

ஒன்றை மறக்காதீர்கள். பக்கத்தை முழுதாக அச்சிடுங்கள். 2019 பிப்ரவரியில் ரஃபேல் போர் விமானப் பேரம் குறித்து ராம் எழுதிய செய்தியோடு வந்த தாளில், பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அடியில் எழுதிய குறிப்பு இல்லை. முழுத் தாள் வெளியானதும் விவாதம் செய்தியை விட்டு அந்த வெட்டின் பக்கம் திரும்பியது. அந்தத் தொடரின் ஆவணங்களை ஏற்கக் கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 10-ல் நிராகரித்தது. ஆனாலும் அந்த வெட்டு இன்றும் பேசப்படுகிறது.

கேள்வி: முதலாளி தடுத்தால் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? (வாசகர், கோவை)

1989 அக்டோபரில் ஆசிரியர் ஜி. கஸ்தூரி போஃபர்ஸ் தொடரை நிறுத்தினார். ராம் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். சித்ரா வேறு நாளிதழ்களில் தொடர்ந்து எழுதினார். கஸ்தூரியும் ராமும் ஒரே உரிமையாளர் குடும்பத்தினர் என்பதைக் கவனியுங்கள். குடும்பத்துக்குள்ளேயே இப்படி என்றால், மாதச் சம்பளத்தில் இருக்கும் ஆசிரியரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எழுத்தில் உள்ள நெறிமுறையும் விளம்பரப் பிரிவு தலையிட முடியாத ஏற்பாடும் இல்லாமல் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி நாளிதழ் ஒன்று தவறாக எழுதியது. யாரிடம் போவது? (வாசகர், தஞ்சாவூர்)

முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். எந்த வரி தவறு, சரியானது என்ன, ஆதாரம் எது என்று மூன்றே பத்தி போதும். கோபத்தை நாலு பக்கம் எழுதினால் திருத்த வேண்டிய வரி அதில் புதைந்துவிடும். சில பத்திரிகைகளில் இதற்கென்றே தனி ஆள் உண்டு. 'தி இந்து' 2006-ல், ராம் தலைமை ஆசிரியராக இருந்தபோது, வாசகர்களுக்கான ஆசிரியர் பதவியை உருவாக்கியது.

பதில் வராவிட்டால் டெல்லியில் உள்ள பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். செய்தியின் நறுக்கையும் ஆசிரியருக்கு எழுதிய கடித நகலையும் இணையுங்கள். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சிச் செய்திகள் அதன் வரம்பில் இல்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே செய்தி எழுதும் காலத்தில் எதை நம்புவது? (வாசகி, சேலம்)

தவறு நடந்தால் பொறுப்பேற்கும் ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கிறதா, பழைய தவறுகளைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத தளத்திலிருந்து வந்ததை ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.