வாசகர் கேள்வி–பதில்: கப்பலிலும் பெரட்டு உண்டு

போன இதழில் ஒரு வாசகிக்குக் கப்பல் பயணம் பற்றி நாலு வரி பதில் எழுதினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பி, ‘இந்த முறை முழுப் பகுதியும் கப்பல்தான்’ என்று சொல்லிவிட்டார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னும் வாயில் வரவில்லை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். நான் ஒன்பது வருடம் சுற்றுலாக் கப்பலில் அறை சுத்தம் செய்தேன். கட்டில்மேல் துவாலையை மடித்து யானை, குரங்கு என்று செய்து வைப்பார்களே, அந்த வேலைதான். அதனால் நான் சொல்வதெல்லாம் துடைப்பமும் கையுமாகப் பார்த்தது.

“மூன்று இரவு, தலைக்கு 599 வெள்ளி (ரிங்கிட்) என்று நோட்டீஸ் வந்தது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். 3,000 வெள்ளி இருந்தால் போதும்தானே?”
– இல்லத்தரசி, ஊத்தான் மெலிந்தாங்

போதாது அம்மா. ‘தலைக்கு’ என்று போட்டால், ஓர் அறையில் இரண்டு பேர் படுத்தால் தலைக்கு என்று அர்த்தம். சாதாரண அறையில் அதிகம் போனால் நாலு பேர். நீங்கள் ஐந்து பேர், ஆக இரண்டு அறை எடுக்க வேண்டும். நாலு பேரை ஓர் அறையில் அடைத்து மாமியாரைத் தனியாக விட்டால், அவர் ஒருவருக்கே ஏறக்குறைய இரண்டு பேர் காசு கேட்பார்கள். ஒரு பிள்ளையைப் பாட்டியோடு படுக்க விடுங்கள். மூன்று, இரண்டு என்று பிரித்தால், மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் விலை குறையும். எப்படிப் பிரித்தால் எவ்வளவு என்று இரண்டு விதமாகவும் கணக்குக் கேளுங்கள்.

அந்த 599 அநேகமாக உள் அறைக்கு. சன்னல் இருக்காது. விளக்கை அணைத்தால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. மூன்று இரவுக்கு அது போதும் என்பது என் கட்சி. தூங்கத்தானே அறை? கடல் பார்க்க மேல்தளம் சும்மா கிடக்கிறது. பால்கனி அறைக்குக் காசு கட்டிவிட்டு மூன்று நாளும் திரையை இழுத்து மூடி நாடகம் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், விலைக்கு மேலே ஏறும் காசு. துறைமுகக் கட்டணம், வரி, ஒவ்வோர் இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஊழியர் அன்பளிப்பு. அன்பளிப்பைப் பெரும்பாலான கப்பல்களில் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். (அந்தக் காசில்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது. ஆகவே அதை வேண்டாம் என்று எழுத என் கை வராது.) சிங்கப்பூரில் ஏறும் கப்பல் என்றால் இவை சிங்கப்பூர் வெள்ளியில் வரலாம். ‘எல்லாம் சேர்த்து, ஐந்து பேருக்கும் கடைசித் தொகை எவ்வளவு?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. அறைச் சாவி அட்டையைத்தான் எல்லாவற்றுக்கும் நீட்ட வேண்டும். பொதுச் சாப்பாட்டுக் கூடம், தண்ணீர், தேநீர் எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். டின் கோலா, தனி உணவகம், வைஃபை, அவர்கள் எடுத்துக் கொடுக்கும் புகைப்படம் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. பிள்ளைகள் கையில் அந்த அட்டை இருந்தால் கோலா தண்ணீர் மாதிரி ஓடும். கடைசி இரவு வரவேற்பு மேசை முன்னால் வரிசை நிற்கும். ‘இது நாங்கள் குடிக்கவே இல்லை’ என்று அப்பா வாதாட, பின்னால் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஏறின அன்றே பிள்ளைகளின் அட்டையில் செலவை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், செய்து தருவார்கள். கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் ரொக்க முன்பணம் கட்டலாம். டெபிட் கார்டைக் கொடுத்தால் அவர்கள் பிடித்து வைக்கும் தொகை வங்கிக்குத் திரும்பப் பல நாள் ஆகும். சம்பளக் கணக்கு அட்டையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாடகைக்குத் தவிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், நோட்டீஸ் விலையைப் போல இரண்டு மடங்கு கையில் இருந்தால்தான் நான் கிளம்புவேன். பள்ளி விடுமுறைக்கு வெளியே ஒரு வாரம் பார்த்தால் விலை இறங்கும். ஆனால் தேதி நெருங்க நெருங்க, ரத்து செய்தால் பிடிக்கும் தொகை கூடிக்கொண்டே போகும். கடைசி நாட்களில் ஒரு காசு திரும்பாது.

“எங்கள் தோட்டத்தில் ஒருவர் மாதம் 100 வெள்ளி வீதம் வசூலித்து, வருடக் கடைசியில் எல்லாரையும் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். நம்பலாமா?”
– செம்பனை ஆலைத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

ஐயா, நானும் ஒருமுறை ஏமாந்தவன். கப்பலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன், கரையில் ஒரு டிக்கெட் முகவரிடம் ஏமாந்தேன் என்றால் வீட்டில் எப்படிச் சிரிப்பார்கள், நினைத்துப் பாருங்கள். அம்மாவையும் அத்தையையும் அனுப்ப முழுப் பணத்தையும் கட்டினேன். ரசீது வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கப்பல் நிறுவனத்தைக் கூப்பிட்டால், அந்தப் பெயர்களில் பதிவே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். மலேசியாவில் சுற்றுலா விற்பவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண் பெரும்பாலும் ‘கேபிகே/எல்என்’ (KPK/LN) என்று தொடங்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். அமைச்சின் இணையத்தளத்தில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று உங்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பணத்தை ஆள் பெயரில் உள்ள கணக்கில் போடாதீர்கள், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். முன்பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்தின் பதிவு எண் வர வேண்டும். அதை வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு நீங்களே போன் போட்டு, உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே பெயர் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். நம் ஆட்களுக்கு ‘த/பெ’, ‘எ/எல்’ என்று இடையில் வருவதால் எங்காவது சறுக்கும்.

நீங்கள் சொல்லும் ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மாதா மாதம் காசு வாங்குபவரிடம் கப்பல் பெயரும் தேதியும் இல்லை என்றால் அது கூட்டுச் சீட்டு, பயணம் இல்லை. ஏற்கெனவே கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் பயனீட்டாளர் திரிபுனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் வேண்டாம். நான் போனேன். ஏழு மாதம் கழித்துப் பாதி வந்தது.

“அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வலி, இனிப்புநீர். ரஜூலா கப்பலில் வந்த என் பாட்டி வழியெல்லாம் வாந்தி எடுத்த கதையைக் கேட்டே வளர்ந்தவர். ‘கப்பலா? நான் மாட்டேன்’ என்கிறார்.”
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ரவாங்

டீச்சர், அந்தக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. நம் ஆட்களுக்கு அதில் அறை ஏது? மேல்தட்டில் பாயும் தகரப்பெட்டியும்தான். வங்காள விரிகுடாவை அப்படிக் கடந்தவர் வாந்தி எடுக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

இப்போது நீங்கள் போகப்போவது மலாக்கா நீரிணை. சுமத்திரா ஒரு பக்கம், நம் கரை ஒரு பக்கம் என்று மறைவான கடல், பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் பக்கம் போகும் பயணத்தை மட்டும் அம்மாவுக்காகத் தவிர்த்துவிடுங்கள். இன்றைய கப்பல்களில் அடிப்பக்கம் இரண்டு புறமும் மீன் செட்டை மாதிரி தகடுகள் நீளும். பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைக்கும்.

அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். காண்டா வாளி சுமந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கம்பின் இரண்டு முனையிலும் வாளி ஆடும், தோள் இருக்கும் இடத்தில் ஆட்டம் இல்லை. லிஃப்டுக்குப் பக்கம் என்றால் முழங்காலுக்கும் நல்லது. கப்பல் மயக்கத்துக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அம்மா சாப்பிடும் மற்ற மருந்துகளைச் சொல்லி மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருந்து, இன்சுலின், பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். அறையில் உள்ள குட்டி ஐஸ்பெட்டி சில கப்பல்களில் பேருக்குத்தான் குளிரும். இன்சுலினுக்கு என்று சொன்னால் வழி செய்வார்கள். போட்ட ஊசியைத் தயவுசெய்து குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அறைப் பையனிடம் கேட்டால் ஊசி போடும் டப்பா தருவான். என் கட்டைவிரலில் ஒருமுறை ஏறியது. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை.

பூக்கெட்டில் பாத்தோங் கரை என்றால் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும், சின்னப் படகில் இறக்குவார்கள். முழங்கால் வலிக்காரர் படகுக்குத் தாவும் அந்த ஓர் அடி பெரிய அடி. அம்மா அன்று கப்பலிலேயே இருக்கட்டும், கூட்டமும் இருக்காது. பயணக் காப்புறுதி மட்டும் எடுக்காமல் ஏற்றாதீர்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், பில் நம் அரசாங்க கிளினிக் பில் மாதிரி இருக்காது.

“சாமி விளக்கு ஏற்றலாமா? சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?”
– வாசகி, நிபோங் திபால்

இரண்டும் பறிபோகும். கப்பலில் தீயைப் போலப் பயப்படும் விஷயம் வேறு இல்லை. கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, இஸ்திரிப்பெட்டி, கெட்டில் எல்லாம் பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்துவிடுவார்கள், இறங்கும்போது திரும்ப வாங்கலாம். விபூதிக்குத் தடையில்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிப் பதிய வையுங்கள், ஏறின பிறகு சொன்னால் கீரையும் தக்காளியும்தான்.

“ஏறினதும் ஏதோ ‘டிரில்’ என்று நிற்க வைப்பார்களாமே. அறையிலேயே இருந்துவிட்டால்?”
– கல்லூரி மாணவன், கிள்ளான்

தம்பி, அது பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலை எல்லாரும் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்காமல் உன் தாத்தா வேலைக்குப் போயிருக்க முடியுமா? அதே கதைதான். ஏழு முறை குறுகலாக, ஒரு முறை நீளமாக ஊதினால் அபாயச் சங்கு. எந்த இடத்துக்கு ஓட வேண்டும், உயிர்காப்பு உடுப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். 2012 சனவரி 13-ஆம் தேதி இத்தாலியில் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது. பிறகு கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ என்று விதியை மாற்றினார்கள். நீ வராவிட்டால் அறைக் கதவைத் தட்டி அழைத்து வரும் ஆள் என்னைப் போன்ற ஒருவன்தான். அவனுக்கும் அன்று நூறு வேலை இருக்கும்.

இன்னொன்று, போனை விமான முறையில் போட்டுவிடு. நடுக்கடலில் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்ன வீடியோவுக்கு வரும் பில்லைப் பார்த்தால் அப்பா உன்னைத் தேடுவார்.

“சிங்கப்பூரில் ஏறுவது நல்லதா, கிள்ளானில் ஏறுவதா?”
– பலர்

கப்பல் கிடைத்தால் கிள்ளான் பக்கம் பூலாவ் இண்டாவில் ஏறுங்கள், பினாங்குக்காரர்கள் சுவெட்டன்ஹாம் துறையில் ஏறுங்கள். சிங்கப்பூரில் கப்பல் அதிகம், தேதியும் அதிகம். ஆனால் முதல் நாளே போய்த் தங்க வேண்டும். ஜொகூர் பாருவில் மாட்டிக்கொண்டு, பாலத்திலிருந்து கப்பலைக் கூப்பிட்டால் அது நிற்காது. சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு இல்லை. காசு கேட்டால் அது போலித் தளம். தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் அப்படி ஓர் அட்டை உண்டு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பூக்கெட்டில் மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று இறங்கும் முன் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

“பாட்டி இங்கேதான் பிறந்தார். இன்னும் சிவப்பு ஐசிதான். கப்பலில் கூட்டிப்போக ஆசை.”
– பேத்தி, கோலசிலாங்கூர்

இந்தக் கடிதத்தைத்தான் கடைசியாக எடுத்தேன் தங்கச்சி. சிவப்பு ஐசி நிரந்தரவாசியின் அடையாள அட்டை, அதற்கு மலேசிய பாஸ்போர்ட் கிடையாது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத நிரந்தரவாசிக்குக் குடிநுழைவுத் துறை ஓர் அடையாளச் சான்றுப் புத்தகம் தரும். ஆனால் அதை வைத்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசா கேட்டு, கப்பல் நிறுவனமும் ஒத்துக்கொண்டு, அப்புறம்தான் டிக்கெட். அதெல்லாம் கையில் வரும்முன் முன்பணம் கட்டிவிடாதே. குடியுரிமை மனு போட்டிருந்தால் அதன் பின்னால் முதலில் ஓடு.

அதுவரைக்கும், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கம்போங் குவாந்தான் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றில் இருட்டினதும் சம்பானில் உட்கார்த்தி, துடுப்புப் போட்டு மின்மினி பார்க்கக் கூட்டிப்போவார்கள். அமாவாசை ஒட்டிப் போ, நிலா இருந்தால் மங்கிவிடும். மழை பெய்தால் படகு விட மாட்டார்கள், கிளம்பும் முன் வானத்தைப் பார்த்துக்கொள். பாட்டிக்கு ஒரு சால்வையும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்.