தோட்டத்தில் இன்று எத்தனை பேர்? நீங்களே எண்ணலாம்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பாலர் பள்ளி கேட்டு மனு எழுதுகிறோம். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு பலர் வெளியேறிவிட்டார்கள், புதிதாகவும் வந்திருக்கிறார்கள். இன்றைய மக்கள்தொகைக்குச் ‘சான்றிதழ்’ எடுத்துத் தருவதாக ஒருவர் 400 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அரசாங்கத்தின் பெயரில் தனி ஆள் யாரும் அப்படிச் சான்றிதழ் தர முடியாது. இவர்கள் வாக்காளர் பட்டியலில் உங்கள் தோட்டத்துப் பெயர்களை எண்ணி, பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் ஏற்றி, முத்திரை குத்திவிடுவார்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் அடையாள அட்டை முகவரிப்படி பெயர் தானாக ஏறிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பையன் முகவரியை மாற்றாதவரை, பட்டியலில் உங்கள் லயத்தில்தான் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்தான்) இருப்பான். பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளி அதில் இருக்கவே மாட்டார். அடையாள அட்டை நகல் கேட்டால் ஒருவருடையதைக்கூடக் கொடுக்காதீர்கள். அதை வைத்து யார் பெயரில் கடன் வாங்குவார்களோ தெரியாது.

சரி, கணக்கை நீங்களே போடலாம். 2020 எண்ணிக்கையைப் புள்ளிவிவரத் துறையிடம் கேளுங்கள். அதோடு பிறப்பையும் வந்தவர்களையும் கூட்டி, இறப்பையும் போனவர்களையும் கழியுங்கள். சின்ன இடத்தில் வரவும் போக்கும்தான் கணக்கைக் கவிழ்க்கும். பசிபிக்கிலுள்ள துவாலு தீவு நாட்டில் 10,000 சொச்சம் பேர்தான். 2024இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர்வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு மேல்! யார் போனார், யார் திரும்பினார் என்று பார்க்காவிட்டால், பிறப்பு இறப்பை எவ்வளவு சுத்தமாகப் பதிந்தும் பயனில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். முதல் பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவாள். குடித்தனம் கிள்ளானில், பிள்ளை பிறப்பது இங்கே. அந்தப் பிறப்பு கிள்ளானுக்குத்தான் சேரும். மூன்று மாதம் தங்கினாலும் அப்படித்தான். ஆறு மாதம் தாண்டி இங்கேயே இருந்துவிட்டால் தாயையும் பிள்ளையையும் ‘வந்தவர்கள்’ பக்கம் எழுதுங்கள், ‘பிறப்பு’ பக்கம் வேண்டாம். சனி ஞாயிறு மட்டும் வந்துபோகும் மாப்பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

இந்த எண்களை அலுவலகங்களில் கேட்கப் போனால், பிறப்புக்கு ஒரு கவுண்டர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கவுண்டர், தொழிலாளர் பெர்மிட்டுக்கு இன்னொன்று. ஒரு பாலர் பள்ளிக்காகச் சங்கத்துக்காரர் இத்தனை இடம் அலைய வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த எண்கள் வரும்வரை காத்திருக்காமல், ஒரு ஞாயிறு மாலை இரண்டு பேராக லயம் லயமாக நடங்கள். பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, கொடியில் சின்னச் சட்டை காய்கிறதா என்று பாருங்கள். பூட்டிய வீட்டைப் பற்றி அடுத்த வீட்டு அக்காவிடம் கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தனியாகக் குறியுங்கள். மனுவுக்கு வேண்டியது அந்த எண்தான். எண்ணிய தேதியையும் எண்ணிய முறையையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.