பழைய ராணுவ அதிகாரியின் படம் வீட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி இதுதான்: தாத்தா காலத்து வீட்டைக் காலி செய்தபோது, ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் கண்ணாடி பிரேம் போட்ட படம் கிடைத்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

முதலில் பிரேமைக் கழற்றிப் பாருங்கள் என்பேன். யாரென்றே தெரியாமல் வைத்திருக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் ஒரு படம் தப்பான பெயரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

தாத்தா மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபெராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்குப் பிறகு துரை ஊருக்குக் கிளம்பும்போது சில சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் வந்ததுதான் இந்தப் படம். அந்தத் துரை ஆஸ்திரேலியாக்காரர் என்று பாட்டி சொல்வார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தைச் சுற்றி இருந்த அட்டையின் அடியில் ‘லைட்’ என்ற ஒரு சொல் மட்டும் பாதி தெரியும். அதைப் படித்துவிட்டு அப்பா, "பினாங்கைத் திறந்த பிரான்சிஸ் லைட் இவர்தான்" என்று முடிவு கட்டிவிட்டார். சித்தப்பாவுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. "கெடா சுல்தானை நம்பவைத்து ஏமாத்துன ஆளை முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கீங்களேண்ணே" என்று தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அப்பாவிடம் சண்டை போடுவார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சயாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் சுல்தான் பினாங்குத் தீவை, லைட் வழியாக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுக்க முன்வந்தார். கும்பினி அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கவே இல்லை. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் அதை முறியடித்தார். கடைசியில் வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு ஒப்பந்தம் எழுதி முடித்தார்கள்.

அப்பா தவறிய பிறகு பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடிக்கு மாறினோம். சாமான் கட்டும்போது படம் என் கைக்கு வந்தது. தரையில் பழைய பேப்பரை விரித்து, கண்ணாடி கீழே படும்படி கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புத் தாள் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சின்ன ஆணிகள் துருப்பிடித்துப் பலகையோடு ஒன்றிப் போயிருந்தன. உள்ளே ராமபாணப் பூச்சி தின்ற தடம். அட்டையின் விளிம்பு பட்ட இடத்தில் மட்டும் படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு. மலிவான அட்டையில் இருக்கும் அமிலம் வருஷக்கணக்கில் தாளில் இறங்கினால் இப்படித்தான் ஆகும். ஒரு மூலையில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அங்கே நிறுத்திவிட்டு, பிரேம் போடும் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "இழுத்துடாதீங்க தம்பி, மூஞ்சியே கண்ணாடியோட வந்துடும்" என்றார்.

அவர்தான் பொறுமையாக அட்டையை எடுத்தார். அடியில் மறைந்திருந்த எழுத்து முழுசாகத் தெரிந்தது: ‘கர்னல் லைட், அடிலெய்டு.’

பிரான்சிஸ் லைட் கேப்டன். கடற்படையில் இருந்துவிட்டுக் கப்பல் வியாபாரத்துக்கு வந்தவர். அவர் கர்னலாக இருந்ததே இல்லை. எங்கள் சுவரில் இருந்தவர் அவருடைய மகன் வில்லியம் லைட். 1786 ஏப்ரலில் குவாலா கெடாவில் பிறந்தவர். அப்பா பினாங்குத் தீவில் வந்து இறங்கியபோது பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அம்மா மார்டினா ரோசெல்ஸ், இந்தப் பக்கத்துக் கலப்பு வம்சத்துப் பெண். ஆறு வயதில் பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1794இல் அப்பா பினாங்கிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

வில்லியம் முதலில் கடற்படை, அப்புறம் குதிரைப்படை. ஸ்பெயினில் நெப்போலியன் படைகளோடு நடந்த போரில் வெலிங்டனின் கீழ் இருந்தார். ஓவியம் வரையும் கை, அதனால் நிலத்தைப் பார்த்து வரைபடம் போடும் வேலையும் அவருக்கு வந்தது. 1836இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகப் போய் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்தெடுத்தார். ஆளுநருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. இவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1837 ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் ஒரு ஏக்கர் மனைகளாக 1,042 அளந்து முடித்தார்கள். நகரைச் சுற்றி அவர் விட்ட பூங்கா வளையம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த நிலம் அங்கத்துப் பூர்வகுடிகளான கௌர்னா மக்களுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மகன் நின்றதும் அடுத்தவர் மண்ணில்தான்.

1839 ஜனவரியில் அவருடைய குடிசை தீப்பிடித்து, பல வருஷத்து நாட்குறிப்புகளும் படங்களும் சாம்பலாயின. அதே வருஷம் அக்டோபரில் காசநோயில் இறந்தார். வயது 53.

பினாங்கில் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1936இல், தீவில் இறங்கிய 150ஆவது ஆண்டுக்காக அதைச் செய்தார்கள். செய்யும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு படமும் கிடைக்கவில்லை. அதனால் மகனின் படத்தைப் பார்த்து முகத்தை வடித்தார்கள். ஆறு வயதில் பிரிந்த பிள்ளையின் முகம் அப்பாவின் பெயரில் நிற்கிறது. இது தெரிந்த அன்று மாலை கோட்டைக்குப் போய் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்ன பெயர் தப்புதான். ஆனால் பினாங்கே அந்த முகத்தை அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ளையோட அம்மா படம் எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் வைத்துக்கொண்டேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் இல்லை, புத்தக அலமாரிக்கு மேலே. நீங்களும் வைத்துக்கொள்வதாக இருந்தால், அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். தாள் கண்ணாடியில் படாமல் இடைவெளி இருக்கட்டும். வெயிலடிக்கும் சுவரும் வேண்டாம், மழை ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பின்பக்க அட்டையில் விவரத்தைப் பென்சிலால் எழுதி வையுங்கள், பேனா மை ஊறிவிடும். நான் எழுதியது இது:

"கர்னல் வில்லியம் லைட், 1786–1839. மார்டினா ரோசெல்ஸின் மகன். பிறந்தது குவாலா கெடா. இந்தப் படம் செபெராங் பிறைத் தோட்டத்து பங்களாவில் சமையல் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது." அதற்குக் கீழே தாத்தாவின் முழுப்பெயர்.