நத்தாரோடு முடிந்துபோகும் பாட்டுகள்

வணக்கம் ஐயா,

எங்கள் பங்குப் பாடகர் குழு ஒவ்வொரு நத்தாருக்கும் இரண்டு மூன்று புதுப்பாட்டுக் கட்டும். மூவிராசாக்கள் திருநாளோடு அவை முடிந்துவிடும். அடுத்த வருடம் மெட்டு ஒருவருக்கும் ஞாபகமிராது. ஆனால் டிசம்பர் பிறந்தால் யாழ். பட்டினக் கடைகளுக்கு ஜிம் ரீவ்ஸும் பொனி எம்மும் தங்கள் ஆங்கில நத்தார்ப் பாட்டுகளோடு தவறாமல் வந்துவிடுகிறார்கள். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் கேட்கிற பாட்டு நிலைக்க என்ன செய்யவேண்டும்?

பாடகர் குழுப் பொறுப்பாளர் ஒருவர், பாசையூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மாதம் மட்டும் கேட்பது பாட்டுக்குக் குறையல்ல. அமெரிக்கப் பாடகி பிரெண்டா லீ 1958இல் பதின்மூன்று வயதில் பாடிய நத்தார்ப் பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 2023 டிசம்பரில். அவ்வளவு தூரம் போவானேன்? 1742இல் காலமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்துக்கு மட்டும் உரியது. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வருடாவருடம் கேட்டுப் பழகிய காதும் இருக்கிறது. உங்கள் பாட்டுக்கு இருப்பது சொல் மட்டும் உள்ள ஒரு போட்டோக்கொப்பி. மெட்டு கீபோட்காரரின் கைபேசியில். அவர் கனடா போனால் மெட்டும் கூடவே விமானம் ஏறிவிடும்.

ஆகவே தாளைத் திருத்துங்கள். தலைப்புக்குக் கீழே சொல் எழுதியவர், மெட்டமைத்தவர், ஆண்டு. பிறகு சுருதி, தாளம், நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது. பல்லவிக்கும் சரணத்தின் முதல் வரிக்கும் மேலே ஸரிகம. இடையிசை எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று) என்பதும் வேண்டும். அது இல்லாத தாளோடு பாடினால் பாதிப்பேர் முந்திக்கொண்டு சரணத்தைத் தொடங்குவார்கள்.

இதில் வழமையாக நடக்கும் பிழைகள் இரண்டு. கீபோட்டில் பதிந்திருக்கும் தாளத்தின் இலக்கத்தை ‘ஸ்ரைல் 47’ என்று குறித்து வைப்பார்கள். வேறு மொடல் கீபோட்டில் 47 என்பது வேறு தாளம். மற்றது ட்ரான்ஸ்போஸ், அதாவது விரலை மாற்றாமல் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான். இரண்டு கூட்டி வைத்துவிட்டு விரல் சி-யில் வாசிக்கும். தாளிலும் ‘சி’ என்றே எழுதுவார்கள். கேட்டதோ டி. அடுத்த வருடம் வருபவர் தாளை நம்பி சி-யில் எடுத்தால், போனமுறை எடுப்பாக இருந்த பாட்டு மந்தமாகிவிடும். விரல் இருக்கும் கட்டையை விட்டு, காதில் விழும் ‘ஸ’ எது என்று எழுதுங்கள்.

மெட்டு எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதையும் பாருங்கள். 1818 டிசம்பர் 24 அன்று ஒஸ்திரியாவின் ஓபேர்ண்டோர்ஃப் ஊரில் கிற்றார் துணையோடு முதலில் பாடப்பட்ட ‘சைலன்ட் நைட்’ பாட்டின் மெட்டு ஸ-விலிருந்து மேல் ஸ்தாயி ம வரை போகிறது. சி-யில் எடுத்தால் உச்சம் எஃப். கோயிலில் பாதித் தொண்டை அங்கே கிறீச்சிடும். பி பிளாட்டுக்கு இறக்கினால் அது ஈ பிளாட்டில் நிற்கும், சனம் சேர்ந்து பாடும். புதிதாகக் கட்டுபவர்கள் இதைவிட அகலமாகப் போகவேண்டாம்.

அந்த மெட்டுக்கே சொந்தக்காரர் யார் என்ற குழப்பம் வந்தது. ஹைடனா, மொஸாட்டா என்று பேச்சு. மெட்டமைத்த குறூபர் 1854இல் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று. சொல் எழுதிய மோர் அடிகளாரின் கையெழுத்துப் பிரதி, இருவர் பெயரோடும், 1995இல்தான் அகப்பட்டது.

சினிமா மெட்டில் சொல் மாற்றிப் பாடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒளிவிழா என்ற நத்தார்க் கலைநிகழ்ச்சியில் கைதட்டல் கிடைக்கும். யூரியூப்பில் ஏற்றினால் உரிமை கோரி வருவார்கள். படம் பழசாகும்போது பாட்டும் பழசாகிவிடும்.

கட்டி முடிந்ததும் கீபோட்டை நிறுத்திவிட்டு, கைதட்டலோடு மட்டும் பாடிப்பாருங்கள். வீட்டுக்கு வீடு போகும் கரோலில் மழை பிடித்தால் டோல்கியின் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கும், ஜெனரேற்றரும் நிற்கும். கைதட்டலில் நிற்காத பாட்டு அந்த ஒழுங்கையில் நிற்காது.

ஒலிப்பதிவை ஐப்பசி மழைக்கு முன்னே முடியுங்கள். தகரக் கூரையில் விழும் மழை மைக்கில் ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது. ஆவணியும் வேண்டாம், நல்லூர்த் திருவிழாக் காலம், ஸ்பீக்கர் ஓயாது. குரலோடு ஒன்று, குரலில்லாமல் ஒன்று என இரண்டு பதிவு எடுத்து, தாளோடு சேர்த்து அயல் பங்குகளுக்கும் பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியர்களுக்கும் ஒக்டோபர் முடியுமுன் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் முதல் கிழமையில் கொடுத்தால், அவர்கள் ஏற்கெனவே வேறு பாட்டுப் பழக்கத் தொடங்கியிருப்பார்கள்.