பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே படம்: ரீச்சரிடம் கேளுங்கள்

வன்னியில் சனசமூக நிலையங்களிலும் முன்பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு அனிமேஷன் படம் போட்டுக் காட்டுகிற ஆரம்பப் பிரிவு ஆசிரியை நான். குடும்பமாக இருந்து பார்க்க எந்தப் படம் நல்லது என்பதுதான் இன்றைய விஷயம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஓர் அம்மா: ரீச்சர், சின்னவனுக்கு ஐந்து வயது, மூத்தவளுக்குப் பதினொன்று. சின்னவனுக்கு ஏற்ற படம் போட்டால் எனக்கும் அவருக்கும் நித்திரை வருது. எல்லாரும் பார்க்க ஒன்று சொல்லுங்கோ.

‘மை நெய்பர் டோட்டோரோ’ போடுங்கள். ஜப்பான்காரர் ஹயாவோ மியாசாகி 1988 இல் எடுத்தது, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வில்லன் இல்லை, அடிதடி இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அப்பாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு வயற்காட்டுக் கிராமத்துக்குக் குடிவருகிறார்கள். பெரிய கதை என்று ஒன்றும் இல்லை.

அதில் பஸ் தரிப்பிடத்தில் ஒரு காட்சி வரும். மழை. அப்பா குடை கொண்டுபோகவில்லை என்று அக்காவும் தங்கச்சியும் அவருக்காகக் காத்து நிற்கிறார்கள். இருட்டிவிட்டது, சின்னவள் அக்காவின் முதுகில் நித்திரை. பக்கத்தில் பென்னாம்பெரிய காட்டுப் பிராணி ஒன்று வந்து நிற்கிறது, தலையில் ஒரு இலை மட்டும். அக்கா அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். குடையில் சொட்டு விழுகிற சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. ஓங்கி ஒரு துள்ளுத் துள்ளுகிறது, மரத்தில் நின்ற தண்ணீர் முழுக்கச் சோவென்று கொட்டுகிறது.

உங்கள் சின்னவன் அந்தத் துள்ளலுக்குச் சிரிப்பான். மூத்தவள் தங்கச்சியைச் சுமந்துகொண்டு நிற்கிற அக்காவைப் பார்ப்பாள். நீங்கள் இரண்டு பேரும் இன்னும் வராத அந்த பஸ்ஸை நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். காட்சி ஒன்றுதான், ஆளாளுக்கு அதில் ஒன்று இருக்கிறது. நல்ல குடும்பப் படம் என்று நான் சொல்வது இதைத்தான். பிள்ளைக்கு விழுந்தெழும்புகிற பகிடி, பெரியவருக்குப் பிள்ளையின் தலைக்கு மேலால் வேறு பகிடி என்று செய்கிற படங்களும் உண்டு. பொழுது போகும், ஆனால் சேர்ந்து பார்த்ததாக ஆகாது.

பரந்தனிலிருந்து ஒருவர்: எங்கட பிள்ளையளுக்கு இங்கிலீஷ் விளங்காது. தமிழில் டப்பிங் செய்ததைப் போட்டால் இந்தியத் தமிழ் பழகிவிடும் என்று மனிசி சொல்றா.

பழகாது. வீட்டில் கதைக்கிற தமிழைத்தான் பிள்ளை கதைக்கும், பயப்படாமல் போடுங்கள்.

இல்லாவிட்டால் வசனமே இல்லாத படங்கள் இருக்கின்றன. எனக்கு இவற்றில்தான் விருப்பம் அதிகம். 2015 இல் வந்த ‘ஷான் த ஷீப்’ முழுநீளப் படத்தில் விளங்கவேண்டிய சொல் ஒன்றும் கிடையாது, முன்பள்ளிப் பிள்ளை தொடக்கம் அப்பப்பா வரைக்கும் சிரிப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஃபுளோ’. லாத்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து 2024 இல் வந்தது, இயக்கியவர் கின்ட்ஸ் சில்பலோடிஸ். பிளெண்டர் என்று இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளில் செய்து, 2025 இல் ஒஸ்கார் வாங்கினார்கள். வெள்ளம் வந்து காடு, வீடு எல்லாம் மூடிப்போக, ஒரு கறுத்தப் பூனை மற்ற மிருகங்களோடு ஒரே தோணியில் போகிறது. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீர் ஏறுகிற வேகம் சும்மா படமாகத் தெரியாது. அதனால் முதலில் நீங்கள் தனியே இருந்து முழுக்கப் பாருங்கள், பிறகு பிள்ளைகளை இருத்துங்கள். எந்தப் படத்துக்கும் இதைத்தான் சொல்வேன்.

விசுவமடு: இந்தப் படங்களை எங்கே டவுன்லோட் பண்ணலாம்?

அதில் எனக்கு அறிவு இல்லை. உங்கள் பக்கத்துக் கணினி ஆசிரியரைக் கேளுங்கள்.

நெடுங்கேணி: மகள் இந்த வருஷம் புலமைப்பரிசில் எடுக்கிறாள். படம் காட்டலாமா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்த்து ஒருவரும் பெயிலாகப் போவதில்லை. நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

துணுக்காயிலிருந்து ஓர் அப்பா: ‘ஃபைண்டிங் நீமோ’ சும்மா மீன் கதைதானே, எங்களுக்கு அதில் என்ன இருக்கு?

அண்ணா, அது உங்களுக்கான படம். 2003 இல் வந்தது. தொடக்கத்திலேயே தாய் மீனும் முட்டைகளும் போய்விடுகின்றன, ஒரேயொரு முட்டை மிஞ்சுகிறது. அதிலிருந்து வந்த மகனை அந்தத் தகப்பன் ஓரிடமும் விடமாட்டார். எதற்கெடுத்தாலும் பயம், எல்லாவற்றுக்கும் “வேண்டாம்”. எங்கள் ஊரில் எத்தனை அப்பாமார் இப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஏன் இப்படி ஆனார்கள் என்பதும் தெரியும். பிள்ளை கடலையும் சுறாவையும் பார்த்து மகிழும். நீங்கள் அந்தத் தகப்பனை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டீர்கள். தொடக்கக் காட்சி கடுமையானது, அதையும் முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாங்குளம்: கார்ட்டூன்தானே ரீச்சர், பிள்ளையை இருத்திப்போட்டு நான் சமைக்கலாம்தானே?

மேலே சொல்லிவிட்டேன். கார்ட்டூன் என்றபடியால் பிள்ளைக்கானது என்று அர்த்தம் இல்லை.

அக்கராயன்: மூன்று வயதுக்கு எந்தப் படம்?

முழுநீளப் படம் வேண்டாம். ஐந்தாறு நிமிடத்துத் துண்டுகள் போதும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி, பல்கலைக்கழகத்தில் படிப்பவர்: நீங்கள் சொன்ன டோட்டோரோவோடு அதே நாளில் ஜப்பானில் வெளியானது ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. போரில் இரண்டு பிள்ளைகள் படுகிற பாட்டைச் சொல்கிற அனிமேஷன். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது அதைத்தான். ஏன் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை?

தம்பி, அது மிகப் பெரிய படம். இசாவோ தகஹாதா எடுத்தது. 1945 இல் கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த அண்ணனும் நாலு வயதுத் தங்கச்சியும். அந்தப் பிள்ளை பசியில் சாகிறதை மறைக்காமல் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு நான் போடமாட்டேன்.

அதே தம்பி: அப்படி மூடிவைத்தால் எங்களுக்கு என்ன நடந்தது என்று இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

தர்மபுரத்திலிருந்து ஓர் அக்கா: தெரியத்தான் வேணும். ஆனால் என்ர அம்மா 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவ. அவவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்தப் படத்தைப் போட்டால் அவவுக்கு என்னாகும்?

அதே தம்பி: அதற்காக ஒரு தலைமுறை முழுக்கச் சிரிப்புப் படம் பார்த்து வளர வேண்டுமா?

இந்த அக்கா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வேறு ஊரில் குடும்பப் படம் தெரிவு செய்கிறவர் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்த்தால் போதும். இங்கே பெரியவருக்கு ஒத்துவருமா என்றும் பார்க்கவேண்டும். பிள்ளை திரையைப் பார்த்துப் பயப்படுகிறதை விட, பக்கத்தில் அம்மா உடைந்து அழுகிறதைப் பார்த்துத்தான் கூடப் பயப்படும். அப்பா எழும்பி வெளியே போனால் அது படத்தை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். இதை நான் மண்டபத்துக்குள் நின்று பார்க்கிறவள்.

வரலாறு சொல்லவேண்டும் தம்பி, அதில் எனக்கும் உங்களுக்கும் பேதம் இல்லை. ஆனால் அதைப் பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர், பகலில், வாயால் சொல்லவேண்டும். பிள்ளை “போதும்” என்றால் நிற்பாட்டலாம். “பிறகு அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கிடைச்சதா?” என்று கேட்டால் பதில் சொல்லலாம். படம் பிள்ளைக்காக நிற்காது. சோகமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, டோட்டோரோவிலும் அம்மா சுகமாகி வருவாரா என்ற பயம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளை தாங்குகிற அளவு அது.

ஒட்டுசுட்டான்: ரீச்சர், ஐந்து வயதுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரு படம்?

முதல் கேள்வியின் பதிலை வாசியுங்கள். தயவுசெய்து மேலே பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அதே தம்பி: சரி ரீச்சர், பெரிய ஆட்களுக்கு மட்டும் என்று ஒரு காட்சி வைத்தால்?

வையுங்கள், நானும் வருகிறேன். கதை இன்னது, முடிவு இன்னது என்று அறிவித்தலிலேயே எழுதிவிடுங்கள், ஒருவரும் தெரியாமல் வந்து மாட்டக்கூடாது. மே மாதத்தில் வேண்டாம். கதவைச் சாத்தாதீர்கள், எழும்பிப் போகிறவரை மறிக்காதீர்கள், வெளியே தண்ணீரோடு ஒருவர் இருக்கட்டும். படம் முடிந்ததும் உடனே பேசச் சொல்லி ஒருவரையும் நெருக்கவேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள், எப்படியும் கூட்டிவருவார்கள். அவர்களுக்குப் பக்கத்து அறையில் ‘ஷான் த ஷீப்’ ஓடட்டும், படம் போடுகிற மல்ரிமீடியா புரொஜெக்டர் இன்னொன்றை நான் ஒழுங்குபண்ணித் தருகிறேன்.