குளிரில் சார்ஜ் ஏறாத பேட்டரி – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுக்கு மின்வாரிய இணைப்பு கிடையாது, முழுக்க சோலார்தான். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வெளியே ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 15 டிகிரி வரை போகிறது. காலையில் நல்ல வெயில் அடித்தாலும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) சார்ஜை விடுவதில்லை. பதினோரு மணிக்கு மேல்தான் ஏறத் தொடங்குகிறது. தெர்மோகோல் பெட்டிக்குள் பேட்டரியை வைத்து, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இரவு முழுக்க எரியவிடலாமா? பி.எம்.எஸ்.ஸில் வெப்ப வரம்பை மைனஸ் 5க்கு இறக்கிவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். பழைய லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கு சும்மா கிடக்கின்றன. அவற்றையும் அதே பெட்டியில் வைக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

வரம்பை இறக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் அயனிகள் எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் போக முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், படிவு வளர்ந்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். நடக்கும்போது வெளியே எதுவும் தெரியாது என்பதால்தான் "நான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் கிடைக்கிறார்கள்.

இந்தத் தடை சார்ஜுக்கு மட்டும்தான். இதே வகை பேட்டரிகளில் பெரும்பாலானவை மைனஸ் 20 வரை டிஸ்சார்ஜ் ஆக அனுமதிக்கப்பட்டவை. குளிரில் உள்தடை கூடுவதால் பெரிய லோடு போட்டால் வோல்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் நின்றுவிடலாம், ஆனால் நாலு விளக்குக்கும் ஒரு ரௌட்டருக்கும் பிரச்சினை இல்லை. ஆகவே உங்கள் பேட்டரிக்குச் சூடு தேவைப்படுவது இரவில் அல்ல, வெயில் வரும் நேரத்தில். பல்பு திட்டம் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. 100 வாட் 14 மணி நேரம் எரிந்தால் 1.4 யூனிட். உங்கள் பேட்டரியில் இருப்பதே 5.12 யூனிட். கால் பங்குக்கு மேல் பல்பே குடித்துவிடும். போதாததற்கு, தெர்மோகோல் 80 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும், குண்டு பல்பின் கண்ணாடி அதைவிடச் சூடாகும்.

பெட்டியை மட்டும் நம்பியும் பயனில்லை. கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் கல் சூடாகாது. ஆனால் மாலையில் சார்ஜ் முடிந்து சற்றே வெதுவெதுப்பாக இருக்கும் பேட்டரி எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைப் பெட்டிதான் தீர்மானிக்கும். 45 கிலோ பேட்டரியை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 12.5 வாட்-மணி வேண்டும். 80 × 60 × 50 செ.மீ. பெட்டியை 5 செ.மீ. எக்ஸ்.பி.எஸ். ஃபோமில் (தெர்மோகோலைவிட அடர்த்தியான ஃபோம் பலகை) செய்தால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.6 வாட் கசியும். 10 செ.மீ. என்றால் 0.8. வெளியே இரவு முழுக்க மைனஸ் 15 என்று கொள்வோம். மாலையில் 15 டிகிரியில் இருந்த பேட்டரி 14 மணி நேரம் கழித்து, 5 செ.மீ. பெட்டியில் மைனஸ் 10க்கு இறங்கியிருக்கும், 10 செ.மீ. பெட்டியில் மைனஸ் 3தான். பின்னதை 5 டிகிரிக்குக் கொண்டுவர 0.1 யூனிட் போதும், 100 வாட் ஹீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. அதே பெட்டியை நாள் முழுக்க 5 டிகிரியில் பிடித்துவைக்க 0.4 யூனிட் ஆகும். இவை காகிதக் கணக்கு. கேபிள் துளை, மூடி இடுக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஹீட்டரைப் பெரிதாக்குவதைவிட ஃபோமைத் தடிமனாக்குவதே லாபம். அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், எக்ஸ்.பி.எஸ். இந்த எடையைத் தாங்கும்.

ஹீட்டருக்கு சிலிக்கோன் ரப்பர் ஹீட்டர் ஷீட் வாங்குங்கள், 100 வாட், 40 × 40 செ.மீ. அளவுக்கு. அதை 3 மி.மீ. அலுமினியத் தகட்டின் அடியில் ஒட்டி, தகட்டின் மேல் பேட்டரியை உட்கார வையுங்கள். சூடு ஒரே இடத்தில் குவியாமல் தகடு பரப்பிவிடும். ஷீட் ஃபோமைத் தொடக் கூடாது, நடுவே சிமென்ட் போர்டு ஒன்று இருக்கட்டும். தகட்டில் 50 டிகிரியில் துண்டிக்கும் பைமெட்டல் ஸ்விட்ச் ஒன்றை ஹீட்டருடன் தொடராக இணையுங்கள். வெப்பம் பார்த்து ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட்டின் ரிலே (அதன் உள்ளே இருக்கும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் போவது அபூர்வமல்ல.

தெர்மோஸ்டாட் சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. தகடு சூடானதும் அது அணைத்துவிடும், செல் குளிர்ந்தே கிடக்கும். பேட்டரியின் பக்கவாட்டில் நடு உயரத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வையுங்கள். 5 டிகிரியில் ஆன், 10ல் ஆஃப். உறை சூடாகி வெகுநேரம் கழித்தே உட்பகுதி சூடாகும். எனவே பி.எம்.எஸ். காட்டும் செல் வெப்பநிலைகளில் எது குறைவோ அதையே நம்புங்கள். 10 டிகிரி தாண்டும்வரை சார்ஜ் கரண்டையும் 10 முதல் 20 ஆம்பியருக்குள் வைத்திருங்கள்.

வயரிங்கில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் பேட்டரி நிறைந்தால் 56 வோல்ட்டுக்கு மேல் போகும். காரில் போடும் பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது, மலிவான தெர்மோஸ்டாட் ரிலேக்களில் பெரும்பாலானவை 30 வோல்ட் டி.சி.க்கானவை. இந்த வோல்டேஜில் அவை பொறி தட்டி எரியும். 80 வோல்ட் டி.சி. ஃபியூஸ், 100 வோல்ட் டி.சி. சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத மின்னணு ஸ்விட்ச்) என்று கேட்டு வாங்குங்கள். 100 வாட்டுக்கு 2 ஆம்பியர்தான், 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

ஹீட்டரை பேட்டரியின் வெளி முனைகளில், சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) சேரும் அதே பஸ்பாரில் (வயர்கள் சேரும் உலோகப் பட்டை) இணையுங்கள். பி.எம்.எஸ். சார்ஜை மட்டும் அடைத்திருக்கும்போது பேனல் மின்சாரம் நேராக ஹீட்டருக்குப் போகும், பேட்டரியில் கை வைக்க வேண்டியிராது. கூடவே ஒரு டைமர், சூரியன் ஏறி அரை மணி நேரம் கழித்து ஆன் ஆகும்படி. 51.2 வோல்ட்டுக்குக் கீழே ஹீட்டரைத் துண்டிக்கும் ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் மேகமூட்டமான நாட்களில் ஹீட்டரே பேட்டரியைக் காலி செய்து, பி.எம்.எஸ். மொத்தமாக அணைந்து, ஹீட்டருக்கும் மின்சாரம் இல்லாமல் போகும்.

ஆசிட் பேட்டரிகள் அதே பெட்டியில் கூடவே கூடாது. சார்ஜ் ஆகும்போது அவை ஹைட்ரஜன் விடும், பக்கத்தில் ஹீட்டரும் ரிலேயும். அவற்றின் குணமும் வேறு. குளிரில் சார்ஜ் செய்யலாம், காலியாக விடக் கூடாது. நிறைந்த நிலையில் அமிலம் மைனஸ் 50க்கும் கீழேதான் உறையும். காலியானால் மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து பேட்டரியின் கூட்டைப் பிளந்துவிடும். சார்ஜ் வோல்டேஜையும் உயர்த்த வேண்டும், 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 24 மில்லிவோல்ட். பூஜ்யம் டிகிரியில் 14.4 என்பது 15 ஆகும். கன்ட்ரோலரின் வெப்ப சென்சார் வயரை பேட்டரியில் ஒட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும். அவற்றுக்குத் தனிப் பெட்டி செய்தால், ஹைட்ரஜன் மேலே போகும் என்பதால் மூடியின் உச்சியில் துளை விடுங்கள், பக்கவாட்டில் அல்ல.